ஆள்கடத்தலுக்குத் தண்டனையைக் கூட்ட மாநில அரசால் முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கல் சூளையிலிருந்து சில குடும்பங்கள் மீட்பு என்று செய்தி வரும்போதும், கம்போடியாவிலோ மியான்மரிலோ சிக்கிக்கொண்ட நம்மூர் இளைஞர்கள் திரும்பி வந்தார்கள் என்று படிக்கும்போதும் "தமிழ்நாடு அரசு இதற்கென்று தனியாக ஒரு கடுமையான சட்டம் கொண்டுவர வேண்டியதுதானே" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் சட்டத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது, மாநிலத்தின் கை எதுவரை நீளும், வழக்குகள் எந்த இடத்தில் படுத்துவிடுகின்றன என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு கேட்டால்தான் அந்தக் கோரிக்கைக்குப் பலம். இல்லையென்றால் பரபரப்பாக ஒரு மசோதா வரும், கைதட்டல் வரும், சூளையில் எதுவும் மாறியிருக்காது.

ஆள்கடத்தல் என்றால் ஆளைத் தூக்கிக்கொண்டு போவதுதானே?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள், காவல் நிலையத்திலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தொடங்கிவிடுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 143ஆம் பிரிவுதான் இதற்கான முக்கியமான சட்டம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதுவே 370ஆம் பிரிவாக இருந்தது. சுரண்டும் நோக்கத்தோடு ஒருவரை வேலைக்குச் சேர்ப்பது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது, தங்கவைப்பது, இன்னொருவரிடம் ஒப்படைப்பது, அப்படி ஒப்படைக்கப்பட்டவரைப் பெற்றுக்கொள்வது, இதில் எதைச் செய்தாலும் குற்றம். மிரட்டல், பலவந்தம், ஏமாற்று, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது, பணம் கொடுத்து இணங்கவைப்பது என ஏதாவது ஒரு வழியில் அது நடந்திருக்க வேண்டும். எல்லை தாண்டியிருக்க வேண்டும் என்றோ மாவட்டம் தாண்டியிருக்க வேண்டும் என்றோ எங்கும் சொல்லவில்லை. பக்கத்து ஊர் அரிசி ஆலையில் தங்கவைத்தாலும் போதும்.

அவர்கள் சம்மதித்துத்தானே போனார்கள்? முன்பணம்கூட வாங்கியிருக்கிறார்களே?

பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே அல்ல என்று அதே பிரிவின் விளக்கம் வெளிப்படையாகச் சொல்கிறது. பொய் சொல்லி வாங்கிய சம்மதமும், பசிக்கும் கடனுக்கும் நடுவில் நின்று தலையாட்டியதும் குற்றவாளிக்குத் தப்பிக்கும் வழியாகிவிடக் கூடாது என்பதற்காகவே அது இருக்கிறது.

இப்போது என்ன தண்டனை இருக்கிறது?

கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒருவரைக் கடத்தினால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு கடுங்காவல். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் என்றால் குறைந்தது 10 ஆண்டு, ஆயுள்வரை போகலாம். ஒரு குழந்தை என்றாலும் அதே 10 முதல் ஆயுள்வரைதான். ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் என்றால் குறைந்தபட்சமே 14 ஆண்டு. குழந்தைக் கடத்தலில் மறுபடியும் தண்டிக்கப்பட்டவருக்கும், இதில் கைகோத்த அரசு ஊழியருக்கோ காவலருக்கோ, சாகும்வரை சிறை. இதற்கு மேல் 111ஆம் பிரிவு ஆள்கடத்தலைத் திட்டமிட்ட கும்பல் குற்றங்களின் பட்டியலிலும் சேர்த்திருக்கிறது.

ஏழு ஆண்டு "குறைந்தபட்சம்" என்றால் நீதிபதி இரக்கப்பட்டாலும் அதற்குக் கீழே போக முடியாது என்று அர்த்தம். ஜாமீனில் விட முடியாத குற்றம், செஷன்ஸ் நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் நம் சட்டம் மென்மையானது இல்லவே இல்லை.

அப்புறம் ஏன் யாருக்கும் பயமில்லை?

ஏனென்றால் அந்த 143ஆம் பிரிவு வழக்குக்குள் வந்து சேர்வதே அரிது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் நாடு முழுவதும் ஆள்கடத்தலாகப் பதிவான வழக்குகள் 2,250. நூற்று நாற்பது கோடிப் பேர் வாழும் நாட்டில், சூளைகளும் குவாரிகளும் ஆலைகளும் விடுதிகளும் இத்தனை இருக்கும் நாட்டில், இந்த எண்ணிக்கையை யாராலும் நம்ப முடியாது.

ஒரு செங்கல் சூளையில் மீட்பு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது புரியும். புகார் போகிறது, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) வருகிறார், கூடவே வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர், இரண்டு போலீஸ். முதலாளி ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து நீட்டுகிறார். முதல் பக்கத்தில் முன்பணம் முப்பதாயிரம், அதற்குக் கீழே வாரா வாரம் அரிசிக்கும் எண்ணெய்க்கும் ஐந்நூறு, குழந்தைக்குக் காய்ச்சல் வந்த அன்று இருநூறு, மழைநாளில் அறுக்க முடியாத கல்லுக்குக் கழிவு. ஆறு மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கல் அறுத்த பிறகும் கடைசிப் பக்கத்தில் கடன் கூடியிருக்கிறதே ஒழிய குறையவில்லை. கூலி என்ன விகிதம் என்று எங்குமே எழுதியிருக்காது. அதிகாரி அந்தக் குடும்பத்தைப் பார்த்து, முதலாளியின் முன்னாலேயே, "உங்களை யாராவது அடைச்சு வச்சாங்களா? அடிச்சாங்களா?" என்று கேட்கிறார். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்கிறார்கள். "சரி, இது கூலித் தகராறு, பேசித் தீர்த்துக்கலாம்" என்று விஷயம் முடிந்துவிடுகிறது.

ஆனால் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம் சங்கிலியையோ பூட்டிய கதவையோ தேடச் சொல்லவில்லை. வாங்கிய கடனுக்காக வேறு வேலைக்குப் போக முடியவில்லை, நினைத்த இடத்துக்குப் போய்வர முடியவில்லை, சந்தைக் கூலி கேட்க முடியவில்லை என்றால் அது கொத்தடிமைதான். கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொல்லிவிட்டால், அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவருடையது என்று 15ஆம் பிரிவு சொல்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே, டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் சொல்லிவிட்டது. நாற்பது வருடம் தாண்டியும் "அடிச்சாங்களா" என்ற கேள்வி மாறவில்லை.

எஃப்.ஐ.ஆர். வரை போன வழக்குகளிலும் பல நேரம் 1976 சட்டம் மட்டும்தான் போடப்படுகிறது, 143 விடுபடுகிறது. குடும்பம் சொந்த ஊருக்குப் போய்விடுகிறது. ஒடிசாவின் பொலாங்கிர் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்றால் இன்னும் சிக்கல், இரண்டு மூன்று வருடம் கழித்து வரும் சம்மன் யார் கைக்கும் கிடைப்பதில்லை. உள்ளூர் இருளர் குடும்பம் என்றால் சம்மனுக்கு முன்பே முதலாளியின் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். சாட்சி பிறழ்கிறது, வழக்கு விடுதலையில் முடிகிறது. பத்து ஆண்டோ இருபது ஆண்டோ, தண்டனை எவ்வளவாக இருந்தால் என்ன?

சரி, மாநில சட்டமன்றம் நினைத்தால் தண்டனையைக் கூட்ட முடியுமா?

பலருக்கும் தெரியாத முக்கியமான விஷயம் இதில்தான் இருக்கிறது. குற்றவியல் சட்டம், மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது, அதனால் மாநிலமும் திருத்தலாம் என்பது பொது விதி. ஆனால் ஆள்கடத்தல் சாதாரணக் குற்றம் இல்லை. அரசியலமைப்பின் 23ஆவது உறுப்பே மனிதர்களை வைத்து வணிகம் செய்வதையும் கட்டாய உழைப்பையும் நேரடியாகத் தடை செய்கிறது. இப்படி அடிப்படை உரிமைகள் பகுதியே குற்றம் என்று அறிவித்த செயல்களுக்குத் தண்டனை விதித்துச் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு, மாநில சட்டமன்றத்துக்குக் கிடையாது என்று 35ஆவது உறுப்பு பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. தீண்டாமைக்கும் இதே கதைதான், அதனால்தான் அதற்கும் மத்தியச் சட்டமே இருக்கிறது.

ஆகவே "ஆள்கடத்தலுக்கு இருபது ஆண்டு" என்று ஒரு மாநிலம் நேரடியாகச் சட்டம் போட்டால், முதல் குற்றவாளியின் வக்கீலே 35ஆவது உறுப்பைத் தூக்கிக்கொண்டு உயர் நீதிமன்றம் போவார். அப்படிப் போகும் ஒவ்வொரு வழக்கும் பாதிக்கப்பட்டவர் காத்திருக்கும் காலத்தைத்தான் நீட்டும்.

குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கினால் சரியாகிவிடாதா?

254ஆவது உறுப்பின்படி அந்த ஒப்புதல், பொதுப் பட்டியலில் மத்தியச் சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டத்தைக் காப்பாற்றும். 35ஆவது உறுப்போ "இந்த அரசியலமைப்பில் வேறு என்ன சொல்லியிருந்தாலும்" என்றே தொடங்குகிறது. இல்லாத அதிகாரத்தை ஒப்புதல் கொடுத்து உண்டாக்க முடியாது என்பதுதான் என் வாசிப்பு.

2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் தண்டனைகளைக் கூட்டியதே, அது எப்படி?

அந்த ஜனவரியில் வந்தது பெண்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான தண்டனைகளைக் கூட்டும் திருத்தம். அவை 23ஆவது உறுப்பு அறிவித்த குற்றங்கள் இல்லை, அதனால் 35ஆவது உறுப்பு குறுக்கே வராது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மற்ற மாநிலங்கள் எதுவுமே செய்யவில்லையா?

செய்திருக்கின்றன, கொஞ்சம் புத்திசாலித்தனமாக. கடத்தல் என்ற குற்றத்தைத் தொடாமல், கடத்தலுக்குப் பாதை போடும் தொழில்களைப் பிடித்தார்கள். வெளிநாடு அனுப்புவதாகச் சொல்லிப் பணம் பிடுங்கும் ஏஜென்ட்டுகளைக் கட்டுப்படுத்தப் பஞ்சாப் 2012இல் சட்டம் கொண்டுவந்து, உரிமம் இல்லாமல் அந்தத் தொழில் செய்வதையே குற்றமாக்கியது. பழங்குடிப் பெண்களைப் பெருநகர வீட்டு வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிகளுக்காகச் சத்தீஸ்கர் 2013இலும் ஜார்க்கண்ட் 2016இலும் சட்டம் போட்டன. தேவதாசியாகப் பொட்டுக்கட்டுவதற்கு எதிராகக் கர்நாடகம் 1982இல் கொண்டுவந்த சட்டமும் இருக்கிறது. நம் பக்கத்தில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் "மூணு வருஷம் முடிச்சா மொத்தமா கல்யாணப் பணம்" என்று சொல்லி இளம்பெண்களை விடுதியிலேயே அடைத்துவைத்த சுமங்கலித் திட்டத்தை நினைத்துப் பார்த்தால், விடுதியின் வாசலுக்கு வெளியே இருந்து யாராவது உள்ளே பார்க்க வேண்டியது எவ்வளவு அவசியம் என்று தெரியும்.

தமிழ்நாட்டில் இன்னும் தொடாமல் கிடப்பது தரகர்கள். மேஸ்திரி, புரோக்கர், கன்சல்டன்சி என்று எந்தப் பெயரில் வந்தாலும், ஆள் பிடித்துக் கொடுப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும், கொடுத்த முன்பணத்துக்கும் பேசிய கூலிக்கும் எழுத்தில் ஒரு நகல் தொழிலாளி கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே குற்றம் என்று ஒரு மாநிலச் சட்டம் வந்தால், கொத்தடிமையா கூலித் தகராறா என்ற பட்டிமன்றமே தேவையில்லை. மனதில் இருந்த நோக்கத்தை நிரூபிப்பது கடினம், பதிவு இல்லை என்பதை நிரூபிக்கப் பத்து நிமிடம் போதும்.

குண்டர் சட்டத்தில் போடலாமே?

1982ஆம் ஆண்டின் அந்தத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் பாலியல் தொழிலுக்காக ஆள் வைத்து நடத்துபவர்களும் அடக்கம், போடவும் செய்கிறார்கள். ஆனால் அது தடுப்புக் காவல், தண்டனை இல்லை. அதிகபட்சம் ஓராண்டு, அதற்குள் நிறைய உத்தரவுகள் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகிவிடும். வெளியே வந்தவர் அதே தொழிலுக்குத் திரும்புவார், குற்றப்பத்திரிகை ஒழுங்காகப் போட்டிருந்தால் வாங்கியிருக்கக்கூடிய பத்து ஆண்டு யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

தூக்குத் தண்டனை கொடுத்தால்?

வேண்டாம். கடத்தினாலும் தூக்கு, கொன்றாலும் தூக்கு என்றால் பாதிக்கப்பட்ட ஒரே சாட்சியை உயிரோடு விடுவதற்குக் குற்றவாளிக்குக் காரணமே இருக்காது.

எந்தத் தண்டனையையுமே கூட்ட வேண்டியதில்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. கூட்ட வேண்டிய இடங்கள் இருக்கின்றன, அவை 143இல் இல்லை. 1976 கொத்தடிமைச் சட்டத்தில் அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 2,000 ரூபாய் அபராதம். ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பைத் தின்றவர் இன்றைக்குக் கட்டும் அபராதம் அரை நூற்றாண்டுக்கு முன்பு எழுதிய அதே இரண்டாயிரம். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகக் கட்டாய வேலை வாங்கினால் பி.என்.எஸ். 146ஆம் பிரிவில் அதிகபட்சம் ஓராண்டுதான், வெறும் அபராதத்தோடும் விட்டுவிடலாம். குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் சிறார் நீதிச் சட்டத்தின் 81ஆம் பிரிவில் 5 ஆண்டுவரை, மருத்துவமனை ஊழியர்கள் என்றால் 3 முதல் 7 ஆண்டு. 2019இல் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் வெளிவந்த குழந்தை விற்பனை விவகாரத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த எண் போதாது என்று தோன்றும், எனக்கும் அப்படித்தான்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. கடத்தப்பட்டவர் என்று தெரிந்தே ஒருவரைப் பாலியல் சுரண்டலுக்குப் பயன்படுத்தினால் 144ஆம் பிரிவு தண்டிக்கிறது, வயது வந்தவர் என்றால் 3 முதல் 7 ஆண்டு, குழந்தை என்றால் 5 முதல் 10 ஆண்டு. கடத்தப்பட்டவர் என்று தெரிந்தே வேலை வாங்கிய ஆலை முதலாளிக்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. அவரை "பெற்றுக்கொண்டவர்", "தங்கவைத்தவர்" என்று 143க்குள் கொண்டுவர முடியும், அதற்கு உழைக்கும் விசாரணை அதிகாரி வேண்டும்.

இவை எல்லாம் நாடாளுமன்றம் திருத்த வேண்டியவை. மாநில சட்டமன்றம் செய்யக்கூடியது, இந்தக் குறிப்பான பிரிவுகளைப் பெயர் சொல்லி ஒரு தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவது.

நாடாளுமன்றத்தில் ஏற்கெனவே ஓர் ஆள்கடத்தல் தடுப்பு மசோதா வந்ததே?

2018 ஜூலையில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமலே அந்த மக்களவையின் காலம் முடிந்து காலாவதியானது. 2021இல் புதிய வரைவு ஒன்றை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள், அதுவும் சட்டமாகவில்லை.

கடுமையான சட்டம் பாதிக்கப்பட்டவர்கள் மீதே திரும்பும் என்கிறார்களே?

திரும்பியிருக்கிறது. 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைத்ததாகச் சொல்லி அந்தப் பெண்ணையே ஆறு மாதம்வரை சிறையில் போட வழிசெய்கிறது. சோதனை நடக்கும் இரவில் தரகர் பின்வாசலில் ஓடிவிடுவார், புகைப்படத்தில் துப்பட்டாவால் முகம் மூடி நிற்பது அவள்தான். பாலியல் தொழிலாளிகளைக் கண்ணியத்தோடு நடத்த வேண்டும், சொல்லாலோ அடித்தோ துன்புறுத்தக் கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகாவது, காவல் துறைக்கு மாநில அரசு எழுத்தில் தெளிவான அறிவுறுத்தல் கொடுக்க வேண்டும்.

டேட்டா என்ட்ரி வேலை என்று கூட்டிப்போய் மியான்மரில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடித்து வேலை வாங்கப்பட்ட பையன்களுக்கும் இதே ஆபத்து இருக்கிறது. சட்டத்தின் "சுரண்டல்" விளக்கத்தில் அடிமைத்தனம், பாலியல் சுரண்டல், உறுப்பு எடுப்பது, புதிதாகப் பிச்சையெடுக்க வைப்பது எல்லாம் இருக்கின்றன. கட்டாயப்படுத்திக் குற்றம் செய்யவைப்பது பெயர் சொல்லி இல்லை. ஊர் திரும்பியவரைச் சாட்சியாகப் பார்ப்பதா குற்றவாளியாகப் பார்ப்பதா என்பது விசாரிக்கும் அதிகாரியைப் பொறுத்ததாகிவிடுகிறது.

அப்படியானால் மாநில அரசிடம் எதைக் கேட்பது?

சாட்சிப் பாதுகாப்பைத்தான் முதலில் கேட்பேன். குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 398ஆம் பிரிவு ஒவ்வொரு மாநிலமும் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் அறிவிக்க வேண்டும் என்கிறது. அறிவிப்பு இருந்தால் போதாது, சூளையிலிருந்து மீண்ட குடும்பத்துக்கு அது கிடைக்கிறதா என்பதே கேள்வி. சாட்சியைக் காணொளி வழியே விசாரிக்க இப்போது சட்டத்தில் இடம் இருக்கிறது, பொலாங்கிரில் இருப்பவர் திருவள்ளூருக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

அடுத்தது பணம். மீட்கப்பட்ட கொத்தடிமைக்கு மத்தியத் திட்டத்தில் ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடுமையான நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு மூன்று லட்சம் என்று இருக்கிறது. உடனடியாக 30,000 ரூபாய்வரை கிடைக்கும், மீதிப் பணம் வழக்கின் போக்கோடு கட்டப்பட்டிருப்பதால் வருடக்கணக்கில் இழுக்கும். அதுவரை அந்தக் குடும்பம் எதைத் தின்னும்? அடுத்த மேஸ்திரியிடம் அடுத்த முன்பணத்தைத்தான் வாங்கும். தீர்ப்புக்குக் காத்திருக்காமல் மாநிலம் தன் நிதியிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு ஈடுகட்டிக்கொள்ள எந்த அரசியலமைப்புத் தடையும் இல்லை.

குழந்தைக் கடத்தல் வழக்குகளை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. தனி அரசு வக்கீலும் பயிற்சி பெற்ற விசாரணை அதிகாரியும் இல்லாமல் அது நடக்காது, இருவரையும் நியமிக்க வேண்டியது மாநிலம்தான். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்த்தே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், அதில் கொத்தடிமையாக வைப்பதே தனிக் குற்றம், கடமை தவறிய அதிகாரிக்கும் தண்டனை உண்டு.

எனக்குத் தெரிந்த இடத்தில் இப்படி நடப்பதாகச் சந்தேகம். என்ன செய்வது?

நீங்களே உள்ளே போய் முதலாளியிடம் கேட்காதீர்கள், அன்று இரவே ஆட்களை இடம் மாற்றிவிடுவார்கள். குழந்தை என்றால் 1098, பெண் என்றால் 181, உடனடி ஆபத்து என்றால் 112. கொத்தடிமை என்றால் மாவட்ட ஆட்சியருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் எழுத்தில் கொடுங்கள், இடம், எத்தனை குடும்பம், எந்த ஊர்க்காரர்கள், குழந்தைகள் இருக்கிறார்களா என்பதைக் குறிப்பிட்டு. நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை இல்லை. மீட்பு நடந்தால் இரண்டு விஷயத்தை விடாமல் கேளுங்கள்: தொழிலாளியிடம் முதலாளி இல்லாத இடத்தில், அவர் மொழியில் வாக்குமூலம் வாங்கினார்களா, விடுவிப்புச் சான்றிதழ் அவர் கையில் கொடுத்தார்களா. எஃப்.ஐ.ஆரில் 143 இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் காவல் கண்காணிப்பாளருக்கு மனு போடுங்கள், குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன்பே சேர்க்கவைப்பதுதான் எளிது.